பத்தியத்துக்கு ஐந்து நகல்

எங்கள் ஆபீசில் எட்டுப் பேருக்கு எட்டுக் கால்பலகை இருந்தது. அதில் ஏழு பேருக்கு அது தேவையே இல்லை. அந்த ஏழு பேரும் என்னைச் சபித்ததற்கு நான் பொறுப்பில்லை, ஹெட் கிளார்க்தான் பொறுப்பு.

கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு அரசாங்க ஆபீசில் அறுபதுகளில் நான் டைப்பிஸ்ட். ஆள் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. சாயங்காலம் எழுந்தால் முழங்காலுக்குக் கீழே என் கால்தானா என்று சந்தேகம் வரும். ஒரு பலகை போட்டுக்கொள்ளட்டுமா என்று ஹெட் கிளார்க்கிடம் போய்க் கேட்டேன்.

"ஒங்களுக்கு மட்டும் எப்டிம்மா குடுக்க முடியும்? நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

"யாரு சார் கேக்கப்போறாங்க? இங்க நான் ஒருத்திதான் குள்ளம்."

"குள்ளம்னு ரூல்ல எங்க இருக்கு?"

மூன்று மாதம் கழித்துத் தச்சன் வந்து எட்டுப் பலகை இறக்கினான். ஆறடி உயர ரெக்கார்டு கிளார்க்குக்கும் ஒன்று. அந்த மனுஷன் பலகையில் கால் வைத்தால் முட்டி மேஜையில் இடிக்கும், வைக்காவிட்டால் ஹெட் கிளார்க் வந்து ஏன் வைக்கவில்லை என்று கேட்பார். நான் அங்கிருந்த ஆறு வருஷமும் அவர் நொண்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்.

ஹெட் கிளார்க் அப்படித்தான். ஒருத்தருக்கு ஒன்று என்றால் எல்லாருக்கும் அது. ஒருத்தருக்கு இல்லை என்றால் எவருக்கும் இல்லை. சித்திரை மாதத்தில் ஒரு ஃபேன் ரிப்பேரானபோது மிச்சம் மூன்றையும் நிறுத்திவிட்டு, மெக்கானிக் வரும்வரை எல்லாரையும் வேர்க்கவிட்டார். தீபாவளிக்கு ஆளுக்கு மூன்று லட்டு. சர்க்கரை வியாதிக்காரரான கணக்குப் பிரிவுக்காரருக்கும் மூன்று, வேண்டாம் என்றால் எழுதிக்கொடுக்க வேண்டும். அரிசிக்கு ரேஷன் வந்து ஊரே புலம்பிய காலத்தில், சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கியூவில் நின்ற ஒரே ஆத்மா இவர்தான். தலைக்கு இத்தனை என்று அளந்து கொடுக்கிற இடம் அவருக்குக் கோயில்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்மாபுரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், பத்து விரலில் எட்டு மோதிரம், நேரே உள்ளே வந்து ஹெட் கிளார்க் மேஜையில் கையை ஊன்றினார். முறுக்கு விற்கிற ஒரு கிழவி காலையிலிருந்து அதே காரியத்துக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்குப் பின்னாடி நில்லுங்க" என்றார் இவர், தலையைக்கூடத் தூக்காமல். பண்ணைக்காரர் நின்றார். அன்றைக்கு மட்டும் எனக்கு அந்தக் கால்பலகைமேல் கோபம் வரவில்லை.

ஹெட் கிளார்க் ஆள் பருமன். உயரத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அகலத்தில் செலவு செய்த உடம்பு. அவருக்குக் குடலிறக்கம் வந்தது. கடலூரிலேயே ஒரு டாக்டரிடம் ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "எடையக் கொறைக்கலேன்னா தையல் தாங்காது. சோறு ஒருவேளை போதும். எண்ணெய், கெழங்கு, தேங்கா கிட்டயே போகாதீங்க. தெனம் கடற்கரை வரைக்கும் நடங்க" என்று சொல்லி அனுப்பினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் அதே டாக்டரிடம் அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு ஒல்லி ஆசாமி இருந்தான். அவனுக்கு ரெண்டு வேளையும் சோறு. எங்கள் ஆபீஸ் பியூனுக்கு இன்னொரு டாக்டர் அதே ஆபரேஷன் செய்திருந்தார். அவனுக்கு மூன்று மாதம் நடக்கவே கூடாது, இளநீர் தாராளமாகக் குடிக்கலாம்.

லீவு முடிந்து ஆபீசுக்கு வந்த முதல் நாளே என் மேஜைக்கு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஒரே ஆபரேஷன். ஒரே ஊரு. உத்தரவு மட்டும் ஆளுக்கு ஒண்ணா? இது இன்னா நியாயம், டைப்பிஸ்டம்மா?"

"உடம்புக்கு உடம்பு மாறும் இல்ல சார்?"

"அப்டி ஆரம்பிச்சா நாட்டுல ஒரு ரூல் நிக்குமா?"

ஒரு பட்டியல் தயாராயிற்று. நோயாளி, ஆபரேஷன், டாக்டர், சொன்ன பத்தியம், குறிப்பு என்று ஐந்து கட்டம். விசாரித்து விசாரித்துப் பதினோரு நோயாளிகளைப் பிடித்துவிட்டார். குடலிறக்கம் தீர்ந்துபோனதும் மூலம், அப்பெண்டிக்ஸ் என்று போய், கடைசியில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரையும் சேர்த்தார். நான் இங்கிலீஷில் அடித்தேன், கார்பன் வைத்து ஐந்து நகல். எதை அடித்தாலும் அவருக்கு ஐந்து நகல் வேண்டும். ஐந்தாவது நகலில் எழுத்தே தெரியாது. ஆனாலும் வேண்டும்.

பட்டியல் கடலூர் டாக்டருக்குப் போயிற்று. "குறிப்பு" என்ற கட்டத்தில் அவர் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். வேறு யாராக இருந்தாலும் அது கேலி என்று புரிந்துகொண்டிருப்பார்கள். இவர் அதை ஃபைலில் கோத்துக்கொண்டார்.

விளக்கம் வராததால் தாமே ஒரு உத்தரவு போட்டார். எந்த டாக்டர் எதை வேண்டாம் என்றாலும் அது எல்லாருக்கும் வேண்டாம். ஒருத்தர் எண்ணெயை விலக்கினார், ஒருத்தர் தயிரை, ஒருத்தர் முட்டையை, ஒருத்தர் பாலை. பதினோரு பேருக்கும் விலக்கியதையெல்லாம் கழித்தபிறகு மிஞ்சியது குழைந்த சோறு, ரசம், பீர்க்கங்காய். அதுவும் ஒருவேளைச் சோற்றை மூன்றாகப் பிரித்து, கரண்டிக் கணக்கில் மூன்று வேளை. அந்த உத்தரவின் நகல் ஒன்றை அவர் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டினார். இங்கிலீஷில். அவர் சம்சாரத்துக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் இளைத்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். தெருவில் பார்த்தவர்கள் நின்று விசாரித்தார்கள். "எல்லாம் ஒழுங்குதான்" என்பார். எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் சம்சாரத்துக்கு வயிற்றுப்புண் முற்றுகிறவரை.

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒல்லியான, சத்தமில்லாத மனுஷி. அவருடைய அண்ணன் சிதம்பரத்தில் இருந்ததால் அங்கே ஒரு டாக்டரிடம் ஆபரேஷன் நடந்தது. புண்ணோடு சேர்த்துப் பாதி வயிற்றை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு விடும்போது அந்த டாக்டர் ஒரு சீட்டில் தமிழில் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஏழு மணிக்கு இட்லி ஒன்று. ஒன்பது மணிக்குக் கஞ்சி. பதினோரு மணிக்கு ரொட்டி, பால். ஒரு மணிக்கு ஒரு பிடி சோறு, நெய் விட்டு. மூன்று மணிக்கு அவித்த முட்டை. இப்படியே ராத்திரி வரைக்கும். பசிக்காவிட்டாலும் சாப்பிடணும், சாப்பிட்டதும் கொஞ்சம் படுக்கணும், இளநீர் கூடாது என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

ஹெட் கிளார்க் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். "ஒரு வூட்டுல ரெண்டு பேருக்கு ரெண்டு உத்தரவா?" என்றார். ஓரத்தில் ஓட்டை போட்டு, ஃபைலில் பன்னிரண்டாவது நோயாளியாகக் கோத்தார். அக்காவுக்கும் மூன்று வேளை, கரண்டிக் கணக்கு, பீர்க்கங்காய்.

ஒரு நாள் நான் லீவு போட்டுவிட்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அக்கா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்குப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. கூடத்துக் கடிகாரம் பதினொன்று அடித்தது.

"இப்ப எனக்கு ரொட்டியும் பாலும்" என்றார், யாருக்கோ நடந்ததைச் சொல்கிறமாதிரி.

"எங்கக்கா?"

"சீட்டுல. எனக்கு மனப்பாடம்மா. மணி அடிக்கறப்பல்லாம் சொல்லிப் பாத்துக்குவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அவரு ஆபீசுலதானக்கா இருக்காரு! நான் வாங்கியாறேன், சாப்புடுங்க. யாரு பாக்கப்போறாங்க?"

"வேணாம்மா. அவுங்களும் அதத்தான சாப்புடறாங்க? அவுங்க மட்டும் மொச்சக்கொட்டையும் மீனுமா தின்னுகிட்டு என்னயப் பட்டினி போட்டா நான் சண்டை போடுவேன். ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டி. நான் எப்டித் திருட்டுத்தனமாத் திங்கறது?"

கெட்டவன் கையில் மாட்டினால் ஊர் வந்து காப்பாற்றும். நியாயவான் கையில் மாட்டினவளை யார் காப்பாற்றுவார்கள்? அடுத்த வாரம் அக்கா குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டார். தெருப்பெண்கள் தூக்கி வந்து போட்டார்கள். அப்போதுதான் ஹெட் கிளார்க் பயந்தார். பயந்து என்ன செய்தார் தெரியுமா? பட்டியலை மறுபடி அடிக்கச் சொன்னார், சிதம்பரம் டாக்டரிடம் நேரில் விளக்கம் கேட்க.

"பட்டியல் வேணாம் சார், அக்காவக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சத்தம் போட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"ரெண்டையும்தான் கூட்டிகிட்டுப் போறேன்" என்றார்.

என் தாய்வீடு சிதம்பரம். அந்தச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பஸ்ஸில் முன்சீட்டில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். பாரமே இல்லை. பின்னால் ஹெட் கிளார்க் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் வயசானவர். அக்காவை எடை மெஷினில் ஏற்றினார், முள்ளைப் பார்த்தார், இறக்கினார். தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். ஹெட் கிளார்க் பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பன்னிரண்டு வரியையும் படித்தார்.

"இதுல கண் ஆபரேஷன்காரரு எதுக்கு?"

"ஒரு ஒப்பீட்டுக்கு சார். கடலூர் டாக்டர் சொல்றது தப்புங்களா?"

"தப்பில்ல."

"நீங்க சொல்றது?"

"அதுவும் தப்பில்ல."

"ரெண்டும் எப்டி சார் சரியா இருக்கும்?"

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாருங்க. உங்களுக்கு வயித்துக்கு மேல கொழுப்பு. தையல இழுக்கும். அதனால உங்களக் கொறைக்கச் சொன்னாரு. பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொழுப்பு இல்ல, திங்கச் சொன்னாரு. இந்த அம்மாவுக்கு நான் வயித்தையே பாதி எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது இம்மாத்தூண்டு. அதுல ஒரே தடவையா ஊத்தினா நிக்காது, அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. இது படிப்பு."

"சரிங்க. அப்ப எளநி? ஒருத்தர் குடிங்கறாரு, நீங்க வேணாங்கறீங்க."

டாக்டர் சிரித்தார். "அது படிப்பு இல்ல. எனக்குக் கத்துக்குடுத்தவரு கையில ஒரு நோயாளி, தையல் போட்ட பத்தாம் நாளு எளநி குடிச்சான், அன்னிக்கே செத்துப்போனான். எளநியாலதான் செத்தானா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா அன்னிலேர்ந்து அவரு எளநி குடுக்கறதில்ல. அவருகிட்டக் கத்துக்கிட்ட நானும் குடுக்கறதில்ல. கடலூர்க்காரருக்கு வேற எவனாவது செத்திருப்பான், வேற எதையாவது தின்னுட்டு. பத்தியத்துல பாதி படிப்புங்க. மீதி பாதி பயம். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒவ்வொரு பொணம் ஞாபகத்துல இருக்கு."

எந்த டாக்டரும் இப்படி உண்மையை உடைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஹெட் கிளார்க் மசியவில்லை. ஆள் நடுங்கிக்கொண்டிருந்தார், அது தெரிந்தது. ஆனால் நடுங்கும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ரூல் என்கிற அந்த ஒரு தூண்தான் இருந்தது.

"இதுக்கெல்லாம் மேல ஒருத்தர் இருப்பாருல்ல சார்? அவருக்கு எழுதிக் கேட்டா…"

"எழுத வேணாம்" என்றார் டாக்டர். "இந்த அம்மாவத்தான் நீங்க நேராவே அவருகிட்ட அனுப்பிட்டு இருக்கீங்களே."

இவர் ஃபைலை மூடினார், திறந்தார், மூடினார். அப்போது அக்கா பேசினார். அவர் தன் புருஷனை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னாங்க. பொறந்த வூட்டுல ஆறு பொண்ணுங்க. ஆறு பேருக்கும் ஒரே சீட்டித் துணியில பாவாட. உங்க வூட்டுக்கு வந்தேன். இங்க எல்லாருக்கும் ஒரே கணக்கு. நான் கொற சொல்லல. ஆனா இத்தினி வருஷத்துல, ஒருத்தர் என்னைய மட்டும் பாத்து, எனக்குன்னு எழுதின காயிதம் அது ஒண்ணுதாங்க. அதையும் நீங்க ஓட்டை போட்டுக் கோத்துட்டீங்க."

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஃபைலின் நாடாவைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போதும் ஹெட் கிளார்க் பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நாடாவை அவிழ்த்து, பன்னிரண்டாவது காகிதத்தை மட்டும் உருவிக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று ஆகியிருந்தது. விடுவிடென்று இறங்கிப் போனார். கண்டக்டர் விசில் ஊதி, டிரைவர் திட்டி, கடைசியில் ஓடிவந்து ஏறினார். கையில் காகிதப் பொட்டலம். ஒரே ஒரு அவித்த முட்டை, உப்பும் மிளகும் தூவி.

அதை அக்காவிடம் நீட்டினார். எனக்கு வாங்கவில்லை. தனக்கும் வாங்கவில்லை. ஆறு வருஷத்தில் அந்த மனுஷன் ஒருத்தருக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"டைப்பிஸ்டம்மா, ஒங்களுக்கு வாங்கல."

"வேணாம் சார்."

"கேட்டா குடுக்கணும். தயவுசெஞ்சு கேட்டுடாதீங்க."

அக்கா முட்டையைச் சிறிது சிறிதாகக் கிள்ளி, ஆலப்பாக்கம் தாண்டும்வரை தின்றுகொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலையில் அவர் என் மேஜைக்கு வந்து ஒரு வரைவைக் கொடுத்தார். ஆபீசுக்குத் தமிழ் டைப்ரைட்டர் ஒன்று வந்து, யாரும் தொடாமல் உறை போட்டுக் கிடந்தது. அதில் அடிக்கச் சொன்னார். "இங்கிலீஷ் வேணாம். அவ படிக்கணும்." வரைவு இப்படி இருந்தது:

'வீட்டுப் பத்தியம் குறித்த உத்தரவில் திருத்தம். என் மனைவிக்குச் சிதம்பரம் டாக்டர் எழுதிக் கொடுத்தபடியே உணவு வழங்கப்படும். இது தனி நேர்வு. இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பழக்கத்தில் ஐந்து காகிதத்தையும் நடுவே கார்பனையும் அடுக்கி மெஷினில் செருகப் போனேன். அவர் கையை நீட்டி, கார்பன்களையும் நாலு காகிதத்தையும் உருவி எடுத்துவிட்டார்.

"நகல் யார் யாருக்கு சார்?"

"யாருக்கும் இல்ல. ஒண்ணு போதும்."

அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு அடி நடந்தார். பிறகு ஏதோ மறந்துபோனவர்போலத் திரும்பி வந்து என் மேஜைமேல் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"யாராவது கேட்டா, அவ வேறன்னு சொல்லுங்க."